செம்பனை நிலத்துல பொட்டாஷ் எவ்ளோ இருக்கு? மண்ணு டெஸ்ட் யார்கிட்ட கேக்கலாம்

ஜோகூர்ல ரெங்கம், குளுவாங் பக்கம் சொந்தமா ரெண்டு மூணு ஏக்கர் செம்பனை வச்சிருக்கவங்களுக்குத்தான் இத எழுதறேன். எம்பிஓபி, அதாவது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தோட லைசென்ஸ் இருந்து மொத்த நிலம் 40.46 ஹெக்டருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு கொறவா இருந்தா நீங்க சிறுதோட்டக்காரர் கணக்குல வருவீங்க, அப்ப எம்பிஓபியோட துனாஸ் ஆபீசர்கிட்ட (சிறுதோட்டக்காரருக்கு ஆலோசனை சொல்றவர்) உரத்த பத்தி ஆலோசனை கேக்கலாம், காசு இல்ல, அவங்க வேலையே அதுதான். மண்ணு டெஸ்டுக்கு பெர்த்தானியான் (விவசாய இலாகா) ஆபீஸ்ல கேளுங்க, கட்டணம் எவ்ளோன்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க.

ரிப்போட் வந்ததும் நெறைய பேரு பொட்டாசியம் (பொட்டாஷ் உரத்துல உள்ள சத்து) நம்பர் ஒன்ன மட்டும் பாத்துட்டு உரம் வாங்க போயிடறாங்க, அது போதாதுங்க. அம்மோனியம் அசிடேட்ல கரைச்சு அளக்கற அந்த நம்பர், வேரு இப்ப எடுத்துக்கக்கூடிய பொட்டாசியத்த மட்டும்தான் காட்டும், பொதுவா மண்ணுல உள்ள மொத்த பொட்டாசியத்துல அது 1, 2 சதவீதம்தான். மிச்சமெல்லாம் மைக்கா, ஃபெல்ட்ஸ்பார் மாதிரி கனிமத்துக்குள்ள பூட்டி வச்ச சேமிப்பு. மைக்கா களிமண்ணோட அடுக்குக்குள்ள மாட்டியிருக்கறது மெதுவா வெளிய வரும், அத பாக்க மண்ண நைட்ரிக் ஆசிட்ல கொதிக்க வச்சு அளப்பாங்க. இந்த டெஸ்ட தனியாத்தான் கேக்கணும்.

நம்ம ரெங்கம் பேரையே வச்சிருக்க ரெங்கம் சீரிஸ்ங்கற மண்ணு வகை கிரானைட் கல்லு மக்கி வந்தது, இத்தன காலத்து மழையில பொட்டாசியம் ஓடிப்போயி பொட்டாசியத்த உள்ள சேத்து வைக்காத கயோலினைட் களிமண்ணுதான் மிச்சம், அதனால சேமிப்பு ரொம்ப கம்மி. கடலோர களிமண்ணு அப்படி இல்ல, அங்க மைக்கா வகை களிமண்ணு கலந்திருக்கு, ஒரு வருஷம் உரம் கொறஞ்சாலும் சமாளிக்கும். பேராக் கடலோரத்துல பாகான் டத்தோ பக்கம் உள்ள சொந்தக்காரர் போடற அளவ பாத்து இங்க பொட்டாஷ கொறைச்சீங்கன்னா மரம்தான் பாவம், மட்டையில ஆரஞ்சு புள்ளி விழுந்து கொலையும் சிறுத்துடும்.

மண்ணு எடுக்கறப்ப உரம் போட்ட கையோட எடுக்காதீங்க. மரத்தடி வட்டத்து மண்ணு வேற, ரெண்டு வரிசைக்கு நடுவுல உள்ளது வேற, ஒன்னா கலந்துட்டா நம்பருக்கு அர்த்தமே இல்ல. முடிஞ்சா, நல்லா விரிஞ்ச இளசு மட்டைய ஒன்னுன்னு வச்சு எண்ணி 17-வது மட்டையில இலையும் எடுத்து டெஸ்டுக்கு குடுங்க, மண்ணுல இருக்கறது மரத்துக்குள்ள போச்சான்னு அதுலதான் தெரியும்.

ரிப்போட்ட தூக்கி போட்டுடாதீங்க, 2020 ஜனவரியிலருந்து எம்எஸ்பிஓ (மலேசிய நிலையான செம்பனை எண்ணெய் சான்றிதழ்) கட்டாயம், ஆடிட் வர்றப்ப உரக்கணக்கு கேப்பாங்க, அதோட சேத்து ஃபைல்ல வைங்க.