கட்டட ஆய்வாளர்: சொல்லும் வேலையும்

வீடு கட்டுகிறவர்கள் பேச்சில் இவர் 'பில்டிங் இன்ஸ்பெக்டர்'. சில ஊர்களில் 'டி.பி.ஐ. சார்', அதாவது டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டர். செய்திகளில் ஒருநாள் கட்டிட ஆய்வாளர், மறுநாள் கட்டட ஆய்வாளர், இன்னொரு நாள் நகரமைப்பு ஆய்வாளர். மூன்றும் ஒரே பதவியா, எப்படி எழுதுவது சரி என்று பார்க்கப் போனால், அவர் செய்யும் வேலைக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் லத்தீன் வழி வந்த சொல். 'இன்' என்றால் உள்ளே, 'ஸ்பெக்கெரே' என்றால் பார்த்தல். மேலோட்டமாகப் பார்க்காமல் உள்ளே புகுந்து பார்ப்பவர் என்று பொருள். ஆங்கிலேயர் ஆட்சியில் போலீஸ், பள்ளிக்கூடம், வருவாய், சுகாதாரம் என்று எல்லாத் துறைகளிலும் இந்தப் பதவி வந்தது; சொல்லும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. தமிழாக்கியபோது இரண்டு வழிகள் பிரிந்தன. இலங்கையில் 'பரிசோதகர்' நிலைத்தது. பொலிஸ் பரிசோதகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்பார்கள். தமிழ்நாட்டில் 'ஆய்வாளர்' நிலைத்தது: காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர். பரிசோதகர் வடமொழி வழியானது. ஆய்வாளர் நம் வேரிலிருந்து எழுந்தது.

அந்த வேர் 'ஆய்'. வீட்டில் இன்றும் கீரை ஆய்கிறோம். கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் தள்ளி, நல்லதை மட்டும் ஒதுக்குவது ஆய்தல். பார்ப்பது, பிரிப்பது, தள்ளுவது, ஏற்பது நான்கும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. தொல்காப்பிய உரியியல் 'ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்' என்ற நான்கையும் 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. நுணுகிப் போவதுதான் இந்தச் சொல்லின் பழம்பொருள். அதனால் இன்ஸ்பெக்டருக்கு ஆய்வாளர் வெறும் ஈடு அல்ல, அதைவிடச் செறிவான சொல் என்பது என் எண்ணம். லத்தீன் உள்ளே பார்க்கச் சொல்வதோடு நிற்கிறது. தமிழ், பார்த்தபின் வேண்டாததைத் தள்ளவும் சொல்கிறது.

சிலர் 'கட்டட மேற்பார்வையாளர்' என்று எழுதுகிறார்கள். அது வேறு ஆள். மேற்பார்வையாளர் கட்டுகிற தரப்பைச் சேர்ந்தவர். வேலை நடக்கிறதா, சிமெண்ட் வந்ததா, ஆள் வந்தாரா என்று பார்ப்பவர். பொதுப்பணித் துறைப் பேச்சில் ஓவர்சியர். இதற்கு நம்மிடம் 'கண்காணி' என்ற பழைய சொல்லே உண்டு; சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைக் கவனித்தவர்களுக்கு அந்தப் பெயர் வருகிறது. அதே சொல்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'கங்காணி' ஆனது. ஆய்வாளர் கட்டும் தரப்பில் இல்லாதவர். அவர் எதையும் கட்டுவதில்லை, கட்டியது விதிப்படி இருக்கிறதா என்று மட்டும் சொல்பவர். இந்த விலகல்தான் பதவிக்கு உயிர்.

அடுத்தது, கட்டடமா, கட்டிடமா? கட்டடம் என்பது கட்டு என்ற வினையோடு 'அடம்' என்ற விகுதி சேர்ந்தது. ஒற்று ஒற்றடம் ஆனது போல. கட்டிடம் என்றால் கட்டு, இடம் என்று பிரிந்து, கட்டுவதற்கான இடம், அதாவது மனை என்று பொருள்படும். இதற்கு நல்ல சான்று அச்சகத்தில் இருக்கிறது. புத்தகம் தைத்து அட்டை போடுவதையும் கட்டடம் என்றே சொல்வார்கள். அங்கே இடத்துக்கு ஏது வேலை? ஆனாலும் கட்டிடம் என்ற வடிவம் எங்கும் பரவிவிட்டது. அப்படி எழுதுபவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதுவது கட்டடம்.

சரி, அவர் என்ன வேலை செய்கிறார்? தமிழ்நாட்டில் இதன் சட்ட அடித்தளம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், உள்ளாட்சிச் சட்டமும், 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும். வரைபடத்துக்கு ஒப்புதல் கேட்டு மனு வந்ததும் மனையைப் போய்ப் பார்ப்பார். பத்திரத்தில் உள்ள நான்கு பக்க அளவும் தரையில் இருக்கிறதா, முன்னால் உள்ள சாலை எத்தனை அகலம், மனை நீர்நிலையிலோ புறம்போக்கிலோ விழுகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்து அறிக்கை எழுதுவார். வேலை தொடங்கியபின், கட்டடம் ஒப்புதல் பெற்ற வரைபடப்படி எழுகிறதா என்று பார்ப்பார். சுற்றிலும் விட வேண்டிய திறவிடம், மாடிகளின் எண்ணிக்கை, உயரம், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மீறல் இருந்தால் அறிவிப்புக் கொடுக்கலாம், வேலையை நிறுத்தலாம், பூட்டி முத்திரை வைக்கவும் வழி உண்டு. 1971 சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் இதற்குத்தான்.

இதில் நேரம்தான் எல்லாம். சுவர் பேஸ்மட்டத்தில் நிற்கும்போது பக்கத் திறவிடம் ஓர் அடி குறைகிறது என்று கண்டால், சில வரிசைக் கல்லை எடுத்துக் கட்டிவிடலாம். கூரை போட்டபின் கண்டால், இடிப்பதா நீதிமன்றம் போவதா என்ற பேச்சுத்தான்.

மேலே சொன்ன பட்டியலில் கட்டடத்தின் பலம் வரவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். தூண் இல்லாமல் வெளியே நீளும் பலகத்தில் இழுவிசை மேற்பக்கம் இருப்பதால், முக்கியக் கம்பியும் மேலேதான் கிடக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால் பலகம் ஒடியும். கொட்டி முடித்துவிட்டால் கம்பி எங்கே கிடக்கிறது என்று வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆய வேண்டிய நேரம் கொட்டுவதற்கு முந்தைய சில மணி நேரம். அமெரிக்க நகரங்களில் பொதுவாக அஸ்திவாரம், கம்பி, மின்கம்பி என்று ஒவ்வொன்றும் மூடப்படும்முன் நகர ஆய்வாளர் வந்து கையெழுத்திட வேண்டும். நம்மிடம் அந்தப் பொறுப்பு உரிமையாளர் அமர்த்தும் பதிவுபெற்ற பொறியாளரிடமும் கட்டமைப்புப் பொறியாளரிடமும் இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்தபின்னும், பலத்தை ஆய்வது கட்டுபவர் அமர்த்தும் ஆளின் பொறுப்பாகவே இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் இந்தப் பதவிப்பெயரையே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது நிறைவுச் சான்று கொடுத்தது அந்தப் பகுதி நகராட்சியின் கட்டடப் பிரிவு. பிறகு 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024 முதல் தேர்ச்சியை மெய்ப்பித்துப் பதிவேட்டில் ஏறியவர்தான் அந்த வேலையைச் செய்யலாம். பயிற்சியாளர், ஆய்வாளர், சிறப்பு ஆய்வாளர், தொழில்நுட்ப மேலாளர் என்று 4 வகுப்புகள். தன் வகுப்புக்கு மேற்பட்ட கட்டடத்தைத் தனியாக ஆயக் கூடாது.

நம் நகராட்சிகளில் இந்த வரிசைப் பதவிகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிவில், கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் படித்தவர்கள். ஆட்சேர்ப்புத் தேர்வு எழுதி வருகிறார்கள். வரைபடம் வாசிக்கவும், நில அளவைப் பதிவேடு புரியவும், விதியை மனுவோடு பொருத்தவும் தெரிய வேண்டும். மறுபடி தேர்ச்சி காட்டும் ஏற்பாடு இல்லாதது குறை. அப்புறம், 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைதளமும் முதல் மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்பதால் வரவேற்கிறேன். ஆனால் முன்கூட்டி வந்து மனையைப் பார்க்கும் கண் ஒன்று விலகுகிறது. மிச்சமாகும் அந்த நேரத்தைக் கட்டும்போது பார்ப்பதற்குச் செலவிட வேண்டும்.

இனி எழுதும் முறை. தனிக் கட்டடங்களை ஆயும் அலுவலர் கட்டட ஆய்வாளர். மனைப்பிரிவு, நிலப்பயன்பாடு, சாலை விரிவு, ஆக்கிரமிப்பு என்று ஊரின் அமைப்பையும் சேர்த்துப் பார்ப்பவர் நகரமைப்பு ஆய்வாளர். சிறிய நகராட்சிகளில் இரண்டையும் ஒருவரே பார்ப்பதால்தான் பெயர்கள் மாறி மாறி வருகின்றன. ஆராய்ச்சி செய்பவருக்கும் ஆய்வாளர் என்ற பெயர் இருப்பதால் குழப்பம் வரக்கூடிய இடத்தில் 'நகராட்சிக் கட்டட ஆய்வாளர்' என்று முழுதாக எழுதலாம். இங்கிலாந்துப் பதவிக்குப் 'பதிவுபெற்ற கட்டட ஆய்வாளர்' பொருந்தும்.