விண்டோஸ் இல்லாத கணினியில் இ-ஸ்வார்டு எப்படி ஓடுகிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. பழைய லேப்டாப்பில் 11 ஏறாது என்று லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிய ஒரு வாசகர் கேட்கிறார்: "பிரசங்கக் குறிப்பெல்லாம் இ-ஸ்வார்டில் இருக்கு. லினக்ஸுக்கு அது கிடையாது. வைன் போட்டா ஓடும்னு சொல்றாங்க. விண்டோஸே இல்லாம எப்படிங்க ஓடும்?" வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் இலவச மென்பொருள்.

இ-ஸ்வார்டு என்பது ரிக் மேயர்ஸ் என்பவர் 2000-இல் விண்டோஸுக்காக எழுதி இலவசமாகக் கொடுத்த வேதாகம ஆய்வு மென்பொருள். பல மொழிபெயர்ப்புகள், விளக்கவுரைகள், அகராதிகள் எல்லாம் ஒரே திரையில் வரும். ஆதியாகமம் முதல் வசனத்தில் 'காட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எச்430 என்ற ஸ்ட்ராங் எண்ணை (வேதாகம மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வரிசை எண்) தொட்டால், மூல எபிரெயச் சொல் ஏலோஹிம் என்று அகராதி காட்டும்.

இந்த ஒரு தொடுதலைப் பின்தொடர்ந்து போனாலே பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒன்று. உங்கள் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி சிப். நிரலில் உள்ள கூட்டல், ஒப்பிடல், தாவல் கட்டளைகளை அந்தச் சிப் நேரடியாகவே செய்யும், மேலே எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. கோப்பைத் திற, ஜன்னலை வரை, எழுத்தைக் காட்டு என்று இயங்குதளத்திடம் கேட்கும் இடத்தில்தான் சிக்கல். அந்த உதவிகளை நிரல் எப்படிக் கேட்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

ஒரு இஎக்ஸ்இ கோப்புக்குள், அதாவது விண்டோஸ் நிரல் கோப்புக்குள், ஒரு பட்டியல் இருக்கும். 'கெர்னல்32 என்ற நூலகத்திலிருந்து கிரியேட்ஃபைல் வேண்டும், ரீட்ஃபைல் வேண்டும்' என்று வெறும் பெயர்கள் மட்டும். நூலகம் என்றால் பல நிரல்களுக்கும் பொதுவான செயற்கூறுகளின் தொகுப்பு. அந்தச் செயற்கூறுகள் நினைவகத்தில் எங்கே இருக்கும் என்று நிரலை எழுதியவருக்கும் தெரியாது. நிரல் ஏறும்போது ஏற்றி என்ற பகுதி ஒவ்வொரு பெயருக்கும் நேரே சரியான முகவரியை ஓர் அட்டவணையில் நிரப்பிவைக்கும், அதன்பிறகு நிரல் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கூப்பிடும். வைன் கைவைப்பது இங்கேதான். ஏற்றி வைனுடையது, கெர்னல்32-உம் வைன் ஆட்கள் எழுதியது, ஆகவே அட்டவணையில் விழுவது அவர்களுடைய முகவரிகள். கடை கைமாறியது தெரியாமல் அதே பெயர்ப்பலகையைப் பார்த்துப் பழைய கணக்கில் சரக்கு வாங்கிப்போகும் வாடிக்கையாளர் மாதிரி, இ-ஸ்வார்டு பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அகராதிக் கோப்பு சி டிரைவில் இருப்பதாக அது நினைக்கிறது. உண்மையில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் டிரைவ்_சி என்ற சாதாரணக் கோப்புறைதான் அது. விண்டோஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமில்லை, லினக்ஸுக்கு உண்டு. அதனால் சொன்ன பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் வைன் அந்தக் கோப்புறையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறது! அப்புறம் வைன்சர்வர் என்ற தனிச் செயலி கோப்பைத் திறந்து, அதைக் குறிக்கும் எண்ணான கைப்பிடியைக் கொடுக்க, லினக்ஸின் சாதாரண வாசிப்பு அழைப்பு எச்430-க்கான வரிகளைக் கொண்டுவந்து தருகிறது.

தமிழ் வேதாகமம் போட்டவர்களுக்கு இன்னொரு படி. 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் தெரிந்தாலும், நினைவகத்தில் ககரம்தான் முதலில். இந்த இடமாற்றத்தைச் செய்யும் விண்டோஸ் பகுதியையும் வைன் தனியாக எழுதிவைத்திருக்கிறது. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் விண்டோஸோடு வரும் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம், நோட்டோ தமிழ் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்க்காமல் எழுதியவை. உண்மையான விண்டோஸில் சோதனை ஓட்டி, இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று குறித்து, அதே பதிலைத் தரும்படி எழுத வேண்டும். விண்டோஸில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் வேண்டும், ஏனென்றால் அதை நம்பி எழுதிய நிரல்கள் இருக்கின்றன. 1993-இல் தொடங்கிய வேலை, 1.0 பதிப்பு வர 2008 ஆனது.

இதற்கு யார் காசு கொடுத்தார்கள் தெரியுமா? பெரிய தொகை சமீபத்தில் விளையாட்டுப் பக்கமிருந்து வந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை இணையத்தில் நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓட வேண்டும் என்று 2018-இல் வைனை வைத்து புரோட்டான் கொண்டுவந்தது, அதற்கான மேம்பாடுகளில் நிறைய வைனுக்கே திரும்பி வந்தன. துப்பாக்கி விளையாட்டுக்குப் போட்ட பணத்தில் போதகர்களும் பயனடைகிறார்கள். எனக்கு இதில் சிரிப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. பொதுப் பயனுள்ள இப்படிப்பட்ட அடிப்படை வேலைக்கு அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஏன் இன்னும் தாராளமாகச் செலவழிக்கக் கூடாது?

புதிய மேக்கில் கதை வேறு. அங்கே சிப்பே ஆர்ம் வகை என்பதால் வைனுக்கு அடியில் ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மென்பொருள் இன்டெல் சிப்புக்கான கட்டளைகளையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.

வாசகருக்கு ஒன்று: வைன் போடும் முன் பழைய கணினியிலிருந்து உங்கள் குறிப்புக் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். இ-ஸ்வார்டின் பிந்தைய பதிப்புகள் அவற்றை எஸ்கியூலைட் என்ற பொதுவான தரவுத்தள வடிவில்தான் வைக்கின்றன. நாளைக்கு இ-ஸ்வார்டே ஓடாமல் போனாலும், எஸ்கியூலைட் படிக்கும் எந்த நிரலிலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.