ஒரு வீரர் அணி மாறினால் விக்கிப்பீடியாவில் என்ன நடக்கிறது?

2025 பிப்ரவரி 1. அமெரிக்காவின் டாலஸ் நகரில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. இஎஸ்பிஎன் நிருபர் ஷாம்ஸ் சரானியா எக்ஸ் தளத்தில் ஒரு செய்தி போட்டார். டாலஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணி தன் நட்சத்திர வீரர் லூக்கா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆந்தனி டேவிஸை வாங்குகிறது என்றது அந்தச் செய்தி. எட்டு மாதத்துக்கு முன்புதான் டோன்சிச் அந்த அணியை இறுதிச் சுற்றுவரை கொண்டுபோயிருந்தார். வயதும் 25தான். சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலரும் முதலில் நினைத்தார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்ததுமே ஏராளமானோர் அந்த வீரரின் விக்கிப்பீடியா பக்கத்துக்குப் போகிறார்கள். சிலர் படிக்க, சிலர் அணியின் பெயரை முதல் ஆளாக மாற்றிவிட. அதே நேரத்தில் இன்னும் சிலர் அந்த மாற்றங்களை நீக்கிக்கொண்டிருப்பார்கள். இவர்களும் கூடைப்பந்துப் பைத்தியங்கள்தான். சம்பளம் கிடையாது, பலருக்குச் சொந்தப் பெயரே கிடையாது, பயனர் பெயர் மட்டும்தான். ஆங்கில விக்கிப்பீடியாவில் என்பிஏ என்ற இந்தக் கூடைப்பந்து லீகுக்கென்றே ஒரு விக்கித்திட்டம், அதாவது ஒரு தன்னார்வலர் குழு வைத்து, ஆயிரக்கணக்கான வீரர், அணி, பருவக் கட்டுரைகளைப் பராமரிக்கிறார்கள். இவர்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி காத்திருப்பதுதான் என்பது என் எண்ணம். நாம் அந்தப் பக்கங்களை நம்பிப் படிக்க முடிவதற்கும் அதுதான் முக்கியக் காரணம்.

ஏன் காத்திருக்க வேண்டும்? 2015 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். என்பிஏவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை தொடக்கத்தில் சில நாட்கள் ஒப்பந்தத் தடைக்காலம் உண்டு. வீரரும் அணியும் பேசி முடித்துக்கொள்ளலாம், ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட முடியாது. கிளிப்பர்ஸ் அணியின் டிஆண்ட்ரே ஜோர்டன் அந்த நாட்களில் டாலஸுக்கு வருவதாக வாக்குக் கொடுத்தார். ஊடகங்கள் எல்லாமே அதை எழுதின. தடைக்காலத்தின் கடைசி நாளில் கிளிப்பர்ஸ் வீரர்களும் பயிற்சியாளரும் ஹூஸ்டனில் இருந்த அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் ஜோர்டன் பழைய அணியிலேயே கையெழுத்துப் போட்டார். 'டாலஸ் வீரர்' என்று முந்திக்கொண்டு எழுதியதெல்லாம் பொய்யாகிப் போனது.

டோன்சிச் பரிமாற்றம் நடந்த அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. சார்லட் ஹார்னெட்ஸிடமிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்க லேக்கர்ஸ் ஒப்புக்கொண்டது. மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று பிப்ரவரி 8 அன்று அந்தப் பரிமாற்றமே ரத்தானது. அவர் லேக்கர்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, ஆகவே அவர் ஆடிய அணிகளின் பட்டியலில் லேக்கர்ஸுக்கு இடமில்லை. கட்டுரையின் உடலில் ஒரு வாக்கியமாக மட்டும் அந்த நிகழ்வு நிற்க வேண்டும்.

அதனால்தான் என்பிஏ ஆசிரியர்கள் பேசி முடிவெடுத்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: அணியோ லீகோ அறிவிக்கும்வரை தகவற்சட்டத்தில் அணியை மாற்றுவதில்லை. தகவற்சட்டம் என்பது பக்கத்தின் ஓரத்தில் உயரம், எடை, அணி, சட்டை எண் எல்லாம் தாங்கி நிற்கும் பெட்டி. பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால், அந்த இடத்தில் 'அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை மாற்றாதீர்கள்' என்ற மாதிரி ஒரு குறிப்பு இருப்பதைப் பல முறை பார்க்கலாம். படிப்பவருக்கு அது தெரியாது, தொகுக்க, அதாவது பக்கத்தைத் திருத்த வருபவர் கண்ணில் மட்டும் படும்.

சரி, குறிப்பையும் மீறி ஒருவர் மாற்றிவிட்டால்? விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் எதையும் அழித்து எழுதுவதில்லை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பக்கத்தின் ஒரு புதிய பதிப்பு உருவாகிறது, பழையவை அத்தனையும் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன. இரண்டு பதிப்புகளை வரிவரியாக ஒப்பிட்டு, எது கூடியது, எது குறைந்தது என்று மென்பொருளே நிறம் போட்டுக் காட்டும். தவறான மாற்றத்தை எடுப்பது என்றால் முந்தைய பதிப்பையே மறுபடி புதிய பதிப்பாகச் சேமிப்பது, அவ்வளவுதான். கெடுப்பதைவிடச் சரிசெய்வது சுலபம் என்ற இந்த ஏற்பாடு இல்லாமல் திறந்த கலைக்களஞ்சியம் ஒரு வாரம்கூடத் தாங்காது என்பேன்.

ஒரே நேரத்தில் இருவர் தொகுத்தால் மென்பொருள் மூன்று பதிப்புகளை எடுத்துக்கொள்கிறது: இருவரும் தொடங்கிய மூலம், முதலாமவர் சேமித்தது, இரண்டாமவர் சேமிக்க நினைப்பது. மாற்றங்கள் வேறு வேறு இடங்களில் இருந்தால் தானே இணைத்துவிடும். ஒரே வரியில் இருந்தால் இரண்டாமவரை நிறுத்தி, நீங்களே பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லும். பரபரப்பான இரவுகளில் இந்தத் தொகுப்பு முரண் திரும்பத் திரும்ப வரும். அப்போது ஒரு நிர்வாகி பக்கத்தைப் பகுதியளவு காப்பிடுவார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதன் பொருள், கணக்கு தொடங்கி 4 நாளாவது ஆகி, 10 தொகுப்பாவது செய்தவர்கள்தான் அதில் கைவைக்கலாம் என்பது. இன்னும் கடுமையான காப்புக்கு 30 நாள், 500 தொகுப்பு. இதுவும் காத்திருக்க வைக்கிற ஒரு வழிதான். ஆத்திரத்தில் கணக்கு தொடங்கியவர் நான்கு நாள் கழித்துப் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

காத்திருப்பதன் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது 2020 ஜனவரி 26 அன்றைய செய்திகளை நினைத்துப் பார்க்கும்போதுதான். கலிபோர்னியாவில் ஹெலிகாப்டர் விபத்தில் கோபே பிரயன்ட் இறந்தார். முதல் மணிநேரங்களில் அவருடைய நான்கு மகள்களுமே உடன் இருந்ததாகத் தொலைக்காட்சியிலேயே ஒரு தவறான செய்தி வந்தது. இறந்த ஒன்பது பேரில் அவருடைய 13 வயது மகள் ஜியானா இருந்தார், மற்ற மூன்று மகள்களும் ஹெலிகாப்டரில் இல்லை. வாழும் மனிதர்களைப் பற்றி உறுதியான சான்று இல்லாமல் எழுதப்பட்ட பாதகமான தகவலை உடனே நீக்கலாம், நீக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் கடுமையான கொள்கைகளில் ஒன்று. அண்மையில் இறந்தவர்களுக்கும் அது நீள்கிறது. அந்த விதி ஏதோ அலுவலகச் சம்பிரதாயம் அல்ல. மறுமுனையில் ஒரு குடும்பம் இருக்கிறது.

அறிவிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்? வீரரின் தகவற்சட்டம், முதல் வாக்கியம், இரண்டு அணிகளின் வீரர் பட்டியல்கள், இரண்டு அணிகளின் அந்தப் பருவத்துக்கான கட்டுரைகள், லீகின் அந்த ஆண்டுப் பரிமாற்றங்களின் பட்டியல். இத்தனையையும் கையால் செய்தால் எங்காவது விட்டுப்போகும். அதற்குத்தான் வார்ப்புருக்கள். ஓர் அணியின் இப்போதைய வீரர் பட்டியல் ஒரே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அணியின் கட்டுரையும் மற்றவையும் அதை அழைத்துக் காட்டும், அவ்வளவுதான். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் மாறினால் வீட்டில் எல்லாக் குழாயிலும் மாறி வருவது மாதிரி. ஆனால் உடனே வராது. வார்ப்புருவை மாற்றியதும் அதை அழைக்கும் பக்கங்களை மறுபடி உருவாக்கும் வேலைகள் ஒரு வரிசையில் சேர்ந்து, ஒவ்வொன்றாக நடக்கும். அதனால்தான் ஒரு பக்கத்தில் புதிய பட்டியலும் இன்னொன்றில் பழையதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்கும்.

படம் மட்டும் மாதக்கணக்கில் பழைய சட்டையிலேயே நிற்கும். அதைப் பார்த்து, பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம். கட்டற்ற உரிமத்தில் யாராவது ரசிகர் எடுத்துக் கொடுத்த படம்தான் அங்கே வர முடியும், செய்தி நிறுவனப் படங்களை எடுத்துப் போட முடியாது.

விசமத் தொகுப்புகளில் கணிசமான பகுதியை மனிதர்கள் பார்க்கும் முன்பே குளூபாட் என்ஜி என்ற தானியங்கி எடுத்துவிடுகிறது. 2010 முதல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓடுகிறது. நல்லது, கெட்டது என்று மனிதர்கள் முன்பே தரம் பிரித்த தொகுப்புகளைப் படித்துப் பழகிய நரம்பியல் வலைப்பின்னல் அது. ஒவ்வொரு புதிய தொகுப்புக்கும் ஒரு மதிப்பெண் போடும், மதிப்பெண் ஒரு வரம்பைத் தாண்டினால் சில நொடிகளில் மீளமைக்கும். நல்லெண்ணத்தில் செய்த தொகுப்பைத் தவறாக எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வரம்பை வேண்டுமென்றே உயரமாக வைத்திருக்கிறார்கள். தோற்ற அணியின் உரிமையாளர் பெயரை எடுத்துவிட்டு வென்ற அணி வீரரின் பெயரைப் போடுவது என்பிஏ பக்கங்களில் வழக்கமான குறும்பு. வசைச்சொற்கள் இயந்திரத்திடம் எளிதில் மாட்டும். ஆனால் ஒரு வீரரின் சராசரிப் புள்ளி 11.2 என்று இருந்ததை 12.1 என்று மாற்றினால் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த வீரரின் ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவர் மாற்றங்களைத் தெரிவிக்கும் தன் கவனிப்புப் பட்டியலில் அந்தப் பக்கத்தை வைத்திருந்தால்தான் உண்டு.

எண்களுக்கு வந்துவிட்டோம். இந்த ஆசிரியர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுவது இங்கேதான்.

பருவத்தின் நடுவே அணி மாறியவருக்கு அட்டவணையில் இரண்டு வரி. டோன்சிச்சுக்கு 2024–25 பருவத்தில் டாலஸுக்காக 22 ஆட்டம், லேக்கர்ஸுக்காக 28. மொத்த சராசரி வேண்டும் என்றால் இரண்டு வரிகளின் சராசரியைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. ஒருவர் ஓர் அணிக்கு 10 ஆட்டத்தில் சராசரி 20 புள்ளி, அடுத்த அணிக்கு 70 ஆட்டத்தில் சராசரி 10 புள்ளி எடுத்தார் என்று வையுங்கள். அவசரக் கணக்கு 15 என்று சொல்லும். உண்மையில் 80 ஆட்டத்தில் 900 புள்ளி, அதாவது 11.25. ஆட்ட எண்ணிக்கையும் மொத்தப் புள்ளியும் கையில் இல்லாமல் சராசரியைத் தொடவே கூடாது. பருவம் முடிந்த பிறகுதான் அந்த ஆண்டின் வரியை அட்டவணையில் சேர்ப்பது என்று என்பிஏ ஆசிரியர்கள் வைத்திருக்கும் பழக்கத்துக்கும் இதில் தொடர்புண்டு. நேற்றைய ஆட்டத்துக்குப் புள்ளியை மட்டும் புதுப்பித்துவிட்டு ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்த எண்ணிக்கையை) விட்டுவிட்டால், ஒரே வரியில் இரண்டு தேதிகளின் எண்கள் கலந்துவிடும்.

இன்னொன்று. மைக்கேல் ஜோர்டன் வழக்கமான பருவங்களில் 1,072 ஆட்டம் ஆடி 32,292 புள்ளி எடுத்தார். வில்ட் சேம்பர்லின் 1,045 ஆட்டத்தில் 31,419. வகுத்தால் ஜோர்டனுக்கு 30.12, சேம்பர்லினுக்கு 30.07. வீரரின் அட்டவணையில் ஒரு தசம இடம்தான் காட்டுவார்கள் என்பதால் இருவர் பக்கத்திலும் 30.1 என்றே இருக்கும். அதைப் பார்த்து இருவரும் சமம் என்று எழுத வருபவர் பொய் சொல்ல வரவில்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறார். அவரைத் திட்டாமல், உரையாடல் பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டி விளக்குகிறவர்தான் நல்ல ஆசிரியர்.

சேம்பர்லினின் கடைசிப் பருவம் 1972–73. என்பிஏ பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் எண்ணத் தொடங்கியது 1973–74 பருவத்தில். ஆகவே லீகின் மிகப் பெரிய தடுப்பாளர்களில் ஒருவரான அவருக்கு பிளாக் என்று ஒரு எண்கூட அட்டவணையில் கிடையாது. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் 0 போடத் தோன்றும். 0 போட்டால் அவர் ஒரு பந்தைக்கூடத் தடுக்கவில்லை என்றாகிவிடும். யாரும் எண்ணவில்லை என்பதற்கு அங்கே ஒரு சிறு கோடுதான் இருக்க வேண்டும்.

உயரம் மாறாத தகவல் என்று நினைப்போம். பல ஆண்டுகளாக அணிகள் காலணியோடு அளந்த உயரத்தையும், சில சமயம் விரும்பிய உயரத்தையும் கொடுத்துவந்தன. 2019–20 பருவத்துக்கு முன், காலணி இல்லாமல் அளந்து உறுதிசெய்து அனுப்பச் சொன்னது என்பிஏ. டிரேமண்ட் கிரீன் 6 அடி 7 அங்குலத்திலிருந்து 6 அடி 6 ஆனார், ஜே. ஜே. பரேயா 6 அடியிலிருந்து 5 அடி 10. யாரும் குள்ளமாகவில்லை, அளவுமுறை மாறியது. ஆசிரியர்கள் தகவற்சட்டத்தில் அதை 'பட்டியலிடப்பட்ட உயரம்' என்று குறிப்பது அதனால்தான். இது லீக் சொல்லும் உயரம், நாங்கள் அளந்ததல்ல என்ற நேர்மை அதில் இருக்கிறது. வயதுகூட மாறலாம். படி ஹீல்ட் 1993ல் பிறந்தவர் என்றே எங்கும் இருந்தது. 1992 என்பதுதான் சரி என்று 2018 டிசம்பரில் தெரியவந்தது.

அணியின் வரலாறே இடம் மாறியதும் உண்டு. சார்லட் ஹார்னெட்ஸ் 1988ல் தொடங்கி 2002ல் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. 2004ல் சார்லட்டுக்கு பாப்கேட்ஸ் என்ற புதிய அணி வந்தது. நியூ ஆர்லியன்ஸ் 2013ல் பெலிக்கன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014ல் சார்லட் அணி ஹார்னெட்ஸ் பெயரையும் 1988 முதல் 2002 வரையிலான வரலாற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒரே அறிவிப்பில் பழைய சாதனைகளெல்லாம் ஓர் அணியிலிருந்து இன்னொன்றுக்குப் போயின. சார்லட் வரலாற்றின் அதிகப் புள்ளி என்ற டெல் கரியின் சாதனையை 2018ல் கெம்பா வாக்கர் முறியடித்தார் என்று இன்று எழுத முடிவதும் இந்த ஏற்பாட்டால்தான். அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தியது தன்னார்வலர்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. கூடைப்பந்துக்குக் கைகள் குறைவு. ஆள் குறைவான இடத்தில், எழுதிய ஆண்டிலேயே கட்டுரை நின்றுபோகும் ஆபத்து அதிகம். 'தற்போது இன்ன அணியில் ஆடுகிறார்' என்று எழுதிவிட்டால் அடுத்த பரிமாற்றத்தில் அது பொய். '2025 பிப்ரவரி முதல் லேக்கர்ஸ் அணியில் ஆடினார்' என்று எழுதினால் பத்து வருடம் கழித்தும் உண்மைதான். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான விக்கித்தரவு என்ற தகவல் தளம் 2012ல் வந்தது. பிறந்த தேதி, படம் போன்றவற்றை அதிலிருந்து இழுக்கும்படி தகவற்சட்டத்தை அமைத்தால், ஒருவர் அங்கே செய்யும் திருத்தம் தமிழ்ப் பக்கத்துக்கும் வந்துசேரும். அட்டவணை அப்படித் தானாக வராது. வழக்கமான பருவம் ஏப்ரல் நடுவில் முடிகிறது. அதன்பின் ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்து, மொத்தத்தைச் சரிபார்த்து, சான்றை இணைத்துச் சேமிக்கக் கொஞ்ச நேரம் போதும். தொடர்ந்து ஆட்டம் பார்க்கிற எவராலும் இதைச் செய்ய முடியும்.