அக்கா மகளை எடுத்து வளர்க்கிறீர்களா? தத்துப்பத்திரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

"சொந்த அக்கா பொண்ணு மேடம். மூணு வயசிலேர்ந்து நாங்கதான் வளர்க்கிறோம், ஊருக்கே தெரியும். இதுக்கு எதுக்குப் பத்திரம்?"

குடும்ப வழக்குகளைப் பார்க்கும் வக்கீல்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்பவர்களின் பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்தப் பாசத்துக்குப் பதிவு இல்லையென்றால், பிற்காலத்தில் அந்தக் குழந்தைதான் அலைய வேண்டியிருக்கும்.

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிள்ளையில்லாத தம்பதி, மனைவியின் அக்கா மகளைச் சிறு வயதில் அழைத்துவந்து வளர்த்தார்கள். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் வளர்த்தவர் பெயரே அப்பா பெயராக இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தாயார் முன்பே காலமாகிவிட்டதால் வீடு மனைவிக்கு வந்தது. சில வருடங்களில் அந்த அம்மாவும் உயில் இல்லாமலே போய்விட்டார். பெண் வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டதும், பெரியப்பா மகன்கள் ஆட்சேபணை கொடுத்தார்கள்: "சித்தப்பா வீட்டில் வளர்ந்த பெண்தான், அவர் மகள் இல்லை."

சட்டம் அவர்கள் பக்கம்தான் சாய்ந்தது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, ஒரு பெண் கணவனிடமிருந்து பெற்ற சொத்து, அவருக்குப் பிள்ளைகளோ இறந்துபோன பிள்ளைகளின் மக்களோ இல்லாதபோது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அந்த அம்மா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நகை, நிலம்கூடக் கணவனின் வாரிசுகளைத் தாண்டித்தான் பிறந்த வீட்டாருக்கு வரும். ரத்த சொந்தமான அக்கா மகள், சட்டத்தின் கண்ணில் வரிசையில் எங்கோ பின்னால் நின்றாள். முறைப்படி தத்தெடுத்திருந்தால் அவள்தான் மகள், முதல் வாரிசு.

"தத்து கொடுத்தார்கள்" என்று நீதிமன்றத்தில் சொன்னபோது அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. எந்தத் தேதியில்? யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், கூட யார் இருந்தார்கள்? பதில் சொல்ல வேண்டிய பெரியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. கடைசியில் சமரசம் பேசி, ஒரு பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் தான் வளர்ந்த வீட்டைவிட்டு வெளியேறினாள். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டு தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. தத்து விடுகிறோம் என்ற எண்ணத்தோடு பெற்றவர்கள் குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டும், வளர்ப்பவர்கள் வாங்க வேண்டும். ஹோமம் கட்டாயமில்லை. பெற்ற தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. எடுக்கும் பக்கமும் கணவன் மனைவி இருவரும் சம்மதிக்க வேண்டும். அப்புறம் இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவான பத்திரம் இருந்தால், தத்து செல்லும் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை எதிராளியின் தலையில் விழும். நோட்டரி முத்திரை மட்டும் போட்ட தாளுக்கு இந்த பலம் கிடையாது.

சில நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சமூக வழக்கம் வேறு மாதிரி இருந்தாலொழிய குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. மகள் இருக்கும்போது இன்னொரு பெண் குழந்தையை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது, மகனுக்கும் இதே விதிதான். ஆண் ஒருவர் பெண் குழந்தையை எடுத்தாலும், பெண் ஒருவர் ஆண் குழந்தையை எடுத்தாலும் 21 வயது வித்தியாசம் வேண்டும். செல்லுபடியான தத்தை ரத்து செய்ய முடியாது. அதனால் பெற்றவர்களும் நன்றாக யோசித்த பிறகே கொடுக்க வேண்டும்.

பிள்ளைக்கு 15 தாண்டிவிட்டதா? அந்த வயதுக்குள் உண்மையாகவே கொடுத்து வாங்கியிருந்தால், அதைக் குறிப்பிட்டு இப்போதும் பத்திரம் பதியலாம். நடக்காததை நடந்ததாக எழுதாதீர்கள், குறுக்கு விசாரணையில் நிற்காது. அப்படிக் கொடுத்து வாங்கவே இல்லை என்றால் உயில்தான் வழி. கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள். வெறுமனே "என் மகள்" என்று விட்டுவிடாமல் பெயர், பெற்றோர் பெயர், உங்களுக்கு என்ன உறவு என்பதையும் குறிப்பிடுங்கள். சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர், முடிந்தவரை உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும்.

கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. சித்தி, மாமா, தாத்தா பாட்டி போன்ற நெருங்கிய உறவினர் மதம் எதுவானாலும் இதன்கீழ் தத்தெடுக்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் மூலம் குழந்தை கிடைக்கிறது, பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை முறைதவறி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, பணம் கைமாறியிருந்தால் ஐந்து ஆண்டு வரை. குழந்தையை வளர்க்க முடியாத தாய் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் 1098-க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த பிறகும், மனம் மாறித் திரும்பப் பெற அந்தத் தாய்க்குச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் தருகிறது.