சொல் விளக்கம்: விருப்ப நிறைவேற்றம் (‘ஆசைத் திருப்தி’ அல்ல)

அறவியல் பற்றிய தமிழாக்கங்களில், ஆங்கிலத்தில் ‘preference satisfaction’ எனப்படும் கோட்பாட்டுக்கு ‘ஆசைத் திருப்திவாதம்’ என்றொரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அண்மையில் ஒரு கூட்டத்தில் பேச்சாளர், “ஆசையைத் திருப்திப்படுத்துவதே அறம் என்கிறார்கள் மேலைநாட்டு அறிஞர்கள்” என்றதும் அரங்கமே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சினிமா வில்லன் வசனம் மாதிரி அல்லவா இருக்கிறது!

கோட்பாடு சொல்வது இவ்வளவுதான்: சம்பந்தப்பட்ட எல்லோருடைய விருப்பங்களையும் ஒரே தராசில் நிறுத்து, எந்தச் செயலால் அவை அதிகம் நிறைவேறுமோ அதைச் செய். ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் இன்பதுன்பத்தையே அளவுகோலாக வைத்தார். 20ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் ஆர். எம். ஹேர், பொருளியலாளர் ஜான் ஹர்சானி, மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் போன்றோர் அந்த இடத்தில் விருப்பத்தை வைத்தார்கள். சிங்கர் பிற்பாடு இன்பத்துக்கே திரும்பிவிட்டார், அது வேறு கதை.

‘ஆசை’ வடமொழி ‘ஆசா’விலிருந்து வந்தது, அங்கே எதிர்பார்ப்பு என்ற பொருள்தான் முன்நிற்கும். ‘விருப்பம்’ நம்முடைய ‘விரும்பு’. ‘திருப்தி’ வடமொழி ‘த்ருப்தி’, தெவிட்டும் அளவுக்கு நிறைதல். சொற்பிறப்பு இது போதும்.

வடசொல் என்பதால் நான் திருப்தியை விரட்டவில்லை. ‘சாப்பாடு திருப்தியா இருந்துச்சு’ என்று நானும் சொல்கிறவன்தான். ஆனால் திருப்தி மனத்துக்குள் நடப்பது. நிறைவேறுவது உலகத்தில் நடப்பது. கோட்பாட்டின் உயிரே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984இல் ஓர் எடுத்துக்காட்டு தந்தார். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்திக்கிறீர்கள். கடும் நோய் என்கிறார். அவர் குணமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறீர்கள். அப்புறம் மறந்தும் விடுகிறீர்கள். அவர் குணமாகிறார், உங்களுக்குத் தெரியவே தெரியாது. விருப்பம் நிறைவேறிவிட்டது, திருப்தி துளியும் இல்லை. இதனால் உங்கள் வாழ்க்கை ஏதாவது மேம்பட்டதா? பார்ஃபிட் கேட்ட கேள்வி அதுதான். ‘திருப்திவாதம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கக்கூட முடியாது.

மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் கற்பனை செய்த இயந்திரம் இதற்கு நேர்மாறு. மூளையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டால் போதும், பெரிய நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். திருப்தி முழுசாகக் கிடைக்கும், நாவல் இருக்காது. இன்பத்தை விட்டு விருப்பத்துக்கு வர இது ஒரு வலுவான காரணம். அப்படி வந்த கோட்பாட்டைப் போய் ‘இன்பவாதம்’ என்றே எழுதுகிறவர்களை என்னவென்று சொல்வது? அகராதியைத் திறக்கிறார்கள், கட்டுரையைத் திறப்பதில்லை.

‘ஆசை’யும் சரிப்படாது. தமிழில் அதற்குப் பேராசை வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்ன உடனே தீர்ப்பும் வந்துவிடும். ‘அவா’ இன்னும் மோசம். வள்ளுவர் அதை அறுக்கச் சொல்லி ஓர் அதிகாரமே வைத்துவிட்டார். தன் குழந்தை படிக்க வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதும், பக்கத்து வீட்டுக்காரன் கெட்டுப்போக வேண்டும் என்று ஒருவன் நினைப்பதும் இந்தக் கோட்பாட்டில் முதலில் ஒரே வரிசையில்தான் நிற்கும். அப்படி இரண்டுக்கும் பொதுவாக நிற்கக்கூடிய நடுநிலைச் சொல் ‘விருப்பம்’. ஆகவே ‘விருப்ப நிறைவேற்றக் கோட்பாடு’. நீளம்தான், இருக்கட்டும்.

சரி, இது அறத்துக்கு அடித்தளமாகுமா? தனியாக நின்று ஆகாது என்றே நினைக்கிறேன். பொறாமை, வன்மம், பிறர் துன்பத்தில் மகிழ்வது ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஹர்சானியே தள்ளி வைத்தார். எதைத் தள்ளுவது என்று முடிவுசெய்யும் அளவுகோல் விருப்பத்திலிருந்து வரவில்லையே! பிறர் பொருளை விரும்பினால் ‘வெஃகுதல்’ என்று விருப்பத்தோடு குற்றத்தையும் சேர்த்தே பெயரிட்டது குறள். அந்தப் பிரிவினை தமிழில் பழையது.

இன்னொரு சிக்கல் பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தா அருகே சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்தப் பெண்கள் நலமாக இருந்தார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். எதிர்பார்க்கவே வழியில்லாத இடத்தில் குறையும் சொல்லத் தோன்றாது. விருப்பமே எழாவிட்டால் நிறைவேறாததும் ஒன்றுமில்லை, கணக்கில் பாக்கி இல்லை!

இப்படிப்பட்டவற்றுக்கும் ‘தகவமைப்பு விருப்பங்கள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு கிளம்பியிருக்கிறது. தகவமைப்பு ஒட்டகத்துக்கும் கள்ளிச்செடிக்கும் சொல்வது. கேட்டால் ஏதோ திறமை போலத் தொனிக்கிறது. ‘ஒடுங்கிய விருப்பம்’ என்று எழுதுங்கள். ஒடுக்கியது யார் என்று படிப்பவர் அடுத்து கேட்பார்.