போக்கர் மேஜைக்குப் புதுத் துணி போடும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்

குஷன் வேலையும் சில்லறை மரவேலையும்தான் என் தொழில். சோபா, நாற்காலி, கட்டில் தலைப்பலகை என்று வரும் வேலைகளுக்கு நடுவே வருஷத்துக்கு நாலைந்து போக்கர் மேஜைகளும், அதாவது போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுகிற மேஜைகளும், பட்டறைக்கு வந்து சேரும். எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம். மடக்கும் இரும்புக் கால், நடுவில் இரண்டாக மடியும் பலகை, மேலே ஒட்டிய மெல்லிய ஃபெல்ட், சுற்றிலும் கை ஊன்ற ரெக்சின் பட்டை, டம்ளர் வைக்க பிளாஸ்டிக் குழிகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஒன்றிரண்டு வருஷம் ஆடி, துணி நைந்ததும் ‘நாமே சரிசெய்துவிடலாமே’ என்று ஒரு விடுமுறை நாளில் பிரித்துப் போடுகிறார்கள். அடுத்த வாரம் அதே மேஜை என் வாசலில் நிற்கும்.

வீட்டில் செய்ய முடியாத வேலை இல்லை இது. பொறுமையும் முழுதாக இரண்டு நாளும் இருந்தால் போதும். தப்பு நடப்பது ஆரம்பிக்கிற இடத்தில். கண்ணில் படுவது துணி என்பதால் எல்லோரும் துணியில் கை வைக்கிறார்கள். மலிவு மேஜைக்கு நோய் இருப்பதோ அடியில்.

சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த மேஜையைச் சொல்கிறேன். துணி அருமையான துணி. சூதாட்ட விடுதி மேஜைகளில் போடுகிற ‘ஸ்பீட் கிளாத்’ வகை. ஒரே துண்டாக, சுருக்கமே இல்லாமல் இழுத்து, ஸ்டேபிள் கன்னால் பின் அடித்திருந்தார். “அண்ணே, விரிச்சு வச்சா சூப்பரா இருக்கு. மடக்கினதும் ஓரமெல்லாம் பின்னைப் பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு” என்றார்.

மேஜையைக் கவிழ்த்து நடுக் கீலைக் காட்டினேன். இந்த ரக மேஜைகளில் கீல் பலகையின் அடிப்பக்கம் இருக்கும். கால்களை உள்ளே மடக்கி, அடிப்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி மூடுவோம். அப்படி மூடும்போது மேல்பக்க விளிம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பலகை 12 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 24 மில்லிமீட்டர். துணி அவ்வளவு நீளத்தை எங்கே போய்க் கடன் வாங்கும்? ஓரத்தில்தான். அதனால் பின் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் கை வேலையில் குறையே இல்லை.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: இந்த மேஜை இனிமேல் மடிய வேண்டுமா? ஆம் என்றால் துணி இரண்டு துண்டாகத்தான் வர வேண்டும். ஒவ்வொரு பாதியின் துணியையும் நடு விளிம்பில் மடித்து அடிப்பக்கம் கொண்டுபோய்ப் பின் அடிக்க வேண்டும். அதற்கு முன் கீலைக் கழற்றிவிடுங்கள். துணி ஏறிய பிறகு கீலைப் பூட்டினால், நடுவில் கூடிய அந்தத் தடிமனுக்குத் தக்கபடி அது உட்காரும். பழைய துளையிலேயே முதலில் பூட்டிவிட்டுத் துணியைத் திணித்தால் நடு முதுகு கூன் போட்டுவிடும்.

மடிய வேண்டாம் என்றால் மேலே ஒரே பிளைவுட் பலகை போட்டு, கோடே இல்லாத மேஜையாக ஆக்கிவிடலாம். பார்க்க அழகு. ஆனால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 2.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், இரு முனையும் வளைந்த மேஜைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் மட்டும் சுமார் 17 கிலோ வரும். அந்தக் குச்சிக் கால்கள் இதற்காகச் செய்தவை அல்ல. 6 மில்லிமீட்டரில் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மரச் சட்டத்தில் புதுக் கால் அடித்துக்கொள்ளுங்கள். பழைய காலில் கனப் பலகை வேண்டவே வேண்டாம்.

சரி, கால்களுக்கு வருவோம். ஆட்டம் சூடாகும்போது எட்டுப் பேரும் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்வார்கள். அவ்வளவு பாரமும் இறங்குவது எம்.டி.எஃப். பலகையில் ஏறிய நாலு குட்டி ஸ்க்ரூவில். எம்.டி.எஃப். என்பது மரத்தை நார் நாராகப் பிரித்துப் பசை போட்டு அழுத்திய பலகை. மரத்தைப் போல ரேகை ஓடாது. ஒரு தடவை ஸ்க்ரூ ஆடிவிட்டால் துளை மாவாக உதிர்ந்து பெருத்துவிடும். பிறகு எவ்வளவு திருகினாலும் அது சும்மா சுற்றும். தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் சொருகும் வித்தை மரக்கதவின் கீலுக்குச் சரிவரும். ஆள் சாயும் மேஜைக் காலுக்கு அதை நம்பாதீர்கள்.

நான் செய்வது இது. காலின் பூட்டு உட்காரும் இடத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு கையகலத் துண்டு வெட்டுவேன். பலகையின் அடிப்பக்கம் வழவழப்பான பூச்சு இருந்தால் வெள்ளைப் பசை பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டுவிடுவேன். மறுநாள் அந்தத் துண்டின்மேல் மேஜைக் காலைப் பூட்டுவேன். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ என்றால் முதலில் 3 மில்லிமீட்டர் டிரில்லில் வழித் துளை. பலகை 12, துண்டு 18, ஆக 30. ஆகவே ஸ்க்ரூ 25ஐத் தாண்டக்கூடாது. ஒருமுறை அவசரத்தில் 35 எடுத்துப் போட்டு, மேல் துணியில் முனை எட்டிப் பார்த்ததை நானே என் கையால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கால் ஏறியதும் மேஜையை நிமிர்த்தி ரசமட்டம் வையுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு. அது உருண்டு போகிற பக்கத்துக் காலுக்கு ரப்பர் மூடியை மாற்றினாலே பாதி மேஜைகள் சரியாகிவிடும். நடு இணைப்பு அமுங்கினால் இரண்டு பாதியையும் இழுத்து இறுக்கிப் பூட்டுகிற இழுப்புக் கொக்கிகள் அடியில் இரண்டு போதும். பலகையே ஈரம் குடித்து உப்பியிருந்தால் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு அதைத் தூக்கிப் போடுங்கள். உப்பிய எம்.டி.எஃப். பழையபடி படியாது.

இனி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டிய விஷயம், பசை.

தொழில் கற்ற புதிதில், மழை என்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஒரு சோபா முழுவதற்கும் ஒட்டுப்பசை தடவினேன். மூக்கில் துணி கட்டியிருந்தேன், அது போதும் என்று நினைப்பு. ஒரு மணி நேரத்தில் தலை கிறுகிறுத்து, வாந்தி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஸ்ப்ரே பசையிலும் டப்பாப் பசையிலும் இருக்கும் கரைப்பான் காற்றில் ஆவியாகிறது. தூசிக்குப் போடும் என்95 முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. துகளை மட்டும் பிடிக்கும். ஆவியைப் பிடிக்க கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அதைவிட எளிது, வேலையை மொட்டை மாடிக்கோ திறந்த முற்றத்துக்கோ கொண்டுபோவது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். எரியும் அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட், சுவிட்சில் தெறிக்கும் சின்னப் பொறி, எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். கதவைச் சாத்திய அறையில் ஸ்ப்ரே பசை அடிக்க என் பட்டறையில் யாருக்கும் அனுமதி கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

எம்.டி.எஃப். அறுக்கும் தூசியும் லேசுப்பட்டது அல்ல. அந்தப் பலகையின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூசியையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஒருநாள் வேலைக்குப் பதற வேண்டாம். வருஷக்கணக்கில் சுவாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்தக் கவலை. ஆனாலும் என்95ஐ இங்கே போடுங்கள், கண்ணாடியும் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய பின்களைப் பிடுங்கும்போதும் கண்ணாடி கட்டாயம். ஒரு மேஜையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதில் ஒன்றாவது முகத்துக்கு நேரே தெறிக்கும்.

துணிக்கு அடியில் மெத்தை போடலாம், ஆனால் மெத்தென்று போடக்கூடாது. ஃபோம் எதற்கு என்று யோசித்தால் இது புரியும். ஆடுகிற சீட்டு ஒன்றின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்தான். வெறும் பலகையில் கிடந்தால் நகம் அடியில் போகாது. லேசாக அமுங்குகிற பரப்பு என்றால் விரல் நுனியால் அழுத்தியதும் ஓரம் எழும்பும். அதற்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் (உள்ளே இருக்கும் துளைகள் ஒன்றோடொன்று சேராத ரகம்) ஏராளம். சோபா ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டவர்களின் மேஜையில் இருபது சிப்ஸ் (ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள்) அடுக்கினால் குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கும். ஒருவர் சிக்கனமாகத் தெர்மாகோல் தகடு போட்டு அதன்மேல் ஸ்ப்ரே பசை அடித்தார். கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிட்டது. பலகை முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருந்தது.

துணியில் வெல்வெட் வேண்டாம், சீட்டு வழுக்காது. கம்பளி ஃபெல்ட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சிந்தினால் குடித்துவிடும். பாலியெஸ்டரில் நெருக்கமாக நெய்து, நீர் ஒட்டாத பூச்சுக் கொடுத்த ஸ்பீட் கிளாத்துதான் வீட்டுக்குச் சரி. சீட்டைத் தள்ளிவிட்டால் எதிர் ஆள் வரைக்கும் போகும். பசையை ஃபோமுக்கும் பலகைக்கும் நடுவில் மட்டும் அடியுங்கள். துணியைப் பிடித்துக்கொள்ள ஸ்டேபிள் பின்களே போதும். துணிக்கும் பசை அடித்து, கிட்டத்தில் நின்று அடித்ததால் கருந்திட்டாக மேலே கசிந்த மேஜைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்தத் திட்டு போகவே போகாது.

இழுக்கும் முறை ஒன்றுதான் பழக வேண்டியது. நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு பின். நேர் எதிர்ப் பக்கம் போய், துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இழுத்து ஒரு பின். அப்புறம் இரண்டு முனைகளின் நடுவில். இப்போது துணி ஒரு சிலுவையில் நிற்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி, நாலு விரல் தூரத்துக்கு ஒரு பின்னாக மூலையை நோக்கி நகருங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு எதிர்ப் பக்கம் போனால் குறுக்கே ஒரு சுருக்கம் ஓடும், அதைக் கழற்றி அடிப்பதைத் தவிர வழியில்லை. வளைவு வந்ததும் பின்களை நெருக்கமாக்கி, அடிப்பக்கம் மிஞ்சும் துணியில் பின் வரிசைக்கு வெளியே ‘வி’ வெட்டுக் கொடுங்கள். பின்னைப் பலகையின் அடிப்பரப்பில் அடியுங்கள். எம்.டி.எஃப். விளிம்பில் அடித்தால் அது அப்பளம் மாதிரி பிளந்துகொள்ளும். 8 மில்லிமீட்டர் பின் இதற்குப் போதும். இன்னொரு ஆள் ஸ்டேபிள் கன்னைப் பிடிப்பதாக இருந்தால், இழுக்கும் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கை ஊன்றும் பட்டைக்கு அழுத்தமான 25 மில்லிமீட்டர் ஃபோம், மேலே பி.வி.சி. ரெக்சின். ‘பி.யூ. லெதர்’ என்கிற, பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும்; என் கடைக்கு வரும் சோபாக்களில் பாதி அந்தக் கேஸ்தான். ரெக்சினை வளைவில் இழுக்கும் முன் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சொன்னபடி கேட்கும்.

பிளாஸ்டிக் குழிக்குப் பதில் ஸ்டீல் குழி போடுகிறவர்கள் துளை போடும் முன் கால்களை மடக்கி வைத்துப் பாருங்கள். குழி அடியில் சில சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். மடக்கிய கால் அதில் இடித்தால் மேஜை இனிமேல் மூடாது. வெட்டிய துளையின் உள்விளிம்புக்கு இரண்டு கோட் வார்னிஷ் அவசியம். குளிர்ந்த டம்ளரில் வடியும் தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய துணியை எறியாதீர்கள். ஒரு சாண் துண்டை மேஜையின் அடியிலேயே பின் அடித்து வையுங்கள். பின்னால் மேலே கறை பட்டு, ஏதாவது சோப்போ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்கத் தோன்றினால், முதலில் அந்தத் துண்டில் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கலாம்.