நட்டஈடு: தண்டம் வேறு, இது வேறு

போன மாதம் பெரியம்மா தோட்டத்து லய வீட்டு வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். கூடுதல் வட்டி தருவதாக ஊரெல்லாம் பணம் சேர்த்த ஒருவருக்கு ஒரு வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. "தெண்டம் போட்டுட்டாங்களாமே தம்பி, அப்ப நம்ம காசு எப்ப வரும்?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து, கடைசியில் கைக்கு வந்த சேமலாப நிதிக் காசைத்தான் அவர் அங்கே கொண்டுபோய்க் கட்டியிருந்தார்.

தெண்டம் என்று நாம் சொல்வது தண்டம்தான். வடமொழியில் அதற்குத் தடி, கோல் என்று பொருள், கோல் பிடித்தவர் கொடுப்பது தண்டனை, கட்டச் சொல்வது தண்டம். இதற்கு நல்ல தமிழ் ஒறுப்பு. "தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து" என்கிறது 561 ஆவது குறள். விசாரித்து, மறுபடி அந்தக் குற்றத்துக்குப் போகாதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுக்க வேண்டும். ஆனால் ஒறுப்பு என்பது அரசுக்கும் குற்றம் செய்தவருக்கும் இடையில் நடப்பது, தண்டப்பணமும் அரசாங்கக் கணக்குக்குத்தான் போகும். பெரியம்மா கையில் ஒரு சதம்கூட வராது.

பெரியம்மா கேட்டது தண்டத்தை அல்ல, நட்டஈட்டை. நட்டம் என்பது வடமொழி நஷ்டம், அழிந்துபோனது, காணாமல் போனது. ஈடு நம்முடைய சொல்: கெடு கேடு ஆவதுபோல, சுடு சூடு ஆவதுபோல, இடு ஈடு ஆகும். ஒன்று போன இடத்தில் அதற்குச் சரியாக இன்னொன்றை இடுவது. காணி உறுதியை ஈடு வைப்பதும், ஈடு இணை இல்லை என்பதும், வேலையில் ஒருவருக்கு ஈடுகொடுப்பதும் எல்லாம் இந்த ஈடுதான், எங்கே வந்தாலும் 'சமமாக' என்ற எண்ணம் உள்ளே இருக்கும். முழுத் தமிழில் சொன்னால் இழப்பீடு. எழுதும்போது நான் அதைத்தான் எழுதுவேன், ஆனால் நம் இலங்கை நீதிமன்றத்தில் புழங்குவது நட்டஈடு என்பதால் அங்கே போய்க் கேட்கும்போது அப்படியே கேளுங்கள். எடுத்த பணத்தையே திருப்பிக் கொடுப்பதை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் மீளளிப்பு பொருத்தமான சொல்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் பிரமிட் திட்டங்களை, அதாவது புதிதாகச் சேர்பவர்களின் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் திட்டங்களை, தடை செய்கிறது. மற்றவர்களுக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே நடத்தினால் 3 முதல் 5 வருடம் வரை கடூழியச் சிறை, கூடவே 20 இலட்சம் ரூபா அல்லது வாங்கிய தொகையின் இரண்டு மடங்கு, இதில் எது கூடவோ அது தண்டம். இரண்டு மடங்கு என்றதும் மனம் குளிரும், ஆனால் அதுவும் தண்டம்தான். கட்டியவர்களுக்குக் கொடு என்று நீதிமன்றம் தனியாகக் கட்டளை போட வேண்டும், குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 17 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தவணை முறையில் கட்டச் சொல்லவும் முடியும்.

பெரிய தண்டனை கொடுத்தாலே பணம் வந்துவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் இதேபோல் பலரின் முதலீட்டை வாங்கி ஏமாற்றிய பெர்னி மேடொஃபுக்கு 2009 இல் 150 வருடச் சிறை கொடுத்தார்கள், 2021 இல் சிறையிலேயே செத்தும் போனார். அந்த 150 வருடத்தால் யாருக்கும் காசு வரவில்லை. காசைத் தேடுவதற்கென்றே ஒரு பொறுப்பாளரை நியமித்து, போட்டதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டு போனவர்களிடமிருந்தும் வழக்குப் போட்டு வாங்கியதால்தான் 1,400 கோடி டொலருக்கு மேல் மீண்டது.

இதை மலையகத்துக்காரர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. முன்பு தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தோட்டத்தை விட்டுப் போக நினைக்கும் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும், புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டித்தான் ஆளை எடுக்கும். 1921 இல் ஒழிக்கும் வரைக்கும் எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் கடனும் கூடவே போனது. ஒரு ஏழையின் கடனைத் தோட்டம் தோட்டமாகத் துரத்தத் தெரிந்த நாட்டில், ஆயிரம் பேரின் சேமிப்பை எடுத்தவர் சிறையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் கடனும் அவரோடு வர வேண்டாமா? எனக்கு இது ஆறவே இல்லை.

பெரியம்மாவின் முறைப்பாடு தனி வழக்காக இன்னும் நிற்கிறது. பணம் கட்டிய நாலு பற்றுச்சீட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் உறைக்குள் இருந்தன, ஒன்றில் மை மங்கி, தொகை மட்டும்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த வழக்குத் தவணைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று நேற்று பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நட்டஈடு" என்றார், சரியாக.